எடைமேடை பாயிண்ட்

நான் கம்பெனி பஸ் ஏறும் இடத்துக்கு எடைமேடை பாயிண்ட் என்று பேர். அங்கே எடைமேடை கிடையாது. ஒரு காலத்தில் லாரிகளை ஏற்றி எடை போட்டார்களாம். சாலையை முதல் தடவை அகலப்படுத்தியபோது அது போய்விட்டது, பேர் மட்டும் டிரைவர்கள் வாயில் தங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இப்படித்தான். மூடிப்போன ஒயின்ஷாப்பும் வெட்டிப்போட்ட அரசமரமும் பாயிண்டாக இன்னும் உயிரோடு இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அரசமரத்தைத் தேடிக்கொண்டு நின்றே பஸ்ஸை விட்டுவிடுவார்கள்.

கல்யாணம் ஆன மறுமாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். இவருக்கு ஒரகடத்தில் காருக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. எனக்கு அதையும் தாண்டி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. பொட்டு அளவுக்கு இருக்கும் பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பலகையில் வைக்க வேண்டும். சலிப்பான வேலை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி என்று சேர்க்காமல் என் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அதுதான். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழையும்போது இன்றைக்கும் முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

மகள் பிறந்தபோது கேள்வி வந்தது. பிள்ளையை யார் பார்ப்பது? இங்கே எங்களைப் போல வந்தவர்கள் பலர், பால் மறந்ததும் பிள்ளையை ஊரில் விட்டுவிடுவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்ப்பார்கள். போன தடவை அடையாளம் தெரிந்த பிள்ளை இந்தத் தடவை அழும். என் லைனில் பக்கத்து ஸ்டூலில் உட்காரும் பெண், போனில் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே இடுக்கியைக் கையில் எடுப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பிள்ளை எங்களோடுதான் இருக்கும், நானும் வேலைக்குப் போவேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பால்வாடி திறப்பதற்குள் என் பஸ் போய்விடும். அக்கம்பக்கத்தில் விடலாம் என்றால், எங்கள் தெருவில் பகலில் வீட்டில் இருப்பது பூட்டு மட்டும்தான். அதனால் இவர் போய் நைட் ஷிப்ட் கேட்டார். எல்லாரும் எப்படியாவது நைட்டிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் இடத்தில், எனக்கு எப்போதும் நைட்டே போடுங்கள் என்று ஒருவர் போய் நின்றால் மறுப்பார்களா? சூப்பர்வைசர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். ராத்திரி பிள்ளை என்னோடு, பகலில் அவரோடு. அவர் எப்போது தூங்குவார் என்று நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் அவருடைய பஸ் ஒரகடத்திலிருந்து வரும். என் பஸ் ஒரகடத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். அவர் எதிர்ப்பக்கம் இறங்கி, மீடியனில் விட்டிருந்த இடைவெளி வழியாகச் சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வருவார். நான் இடுப்பில் பிள்ளையோடு நிற்பேன். அங்கேயே கைமாற்றிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். நாங்கள் மட்டுமில்லை, அந்தப் பாயிண்டில் இன்னும் சில ஜோடிகள் இப்படி உண்டு. பஸ்ஸுக்குள் இருக்கும் பையன்கள், பார்சல் மாறுகிறது பார் என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், கல்யாணம் ஆனால் தெரியும்.

வெறுமனே கைமாற்றிவிட முடியாது. ஒரு ஷிப்ட் முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவரிடம் எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, எது பெண்டிங்கில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சொல்லாமல் போனால் வருகிறவர் மாட்டிக்கொள்வார். எங்களுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. பால் குடிச்சா, ராத்திரி ரெண்டு தடவ இருமினா, காலைல சாப்பிடல, டானிக் பைல இருக்கு, டாட்டா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வேன். சாயங்காலம் நான் திரும்பும்போது அவர் அதே பாணியில் சொல்வார். சோறு தின்னா, கீழ விழுந்தா, முட்டில சிராய்ப்பு, மருந்து போட்டாச்சு, டாட்டா. சொல்லிவிட்டு அவர் பஸ் பிடிக்கப் போவார். புருஷன் பெண்டாட்டிக்குள் அதற்கு மேல் பேச நேரம் இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்பதும் இல்லை, அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதும் இல்லை. பார்த்தாலே தெரியும், கண் சிவந்திருக்கும்.

அந்தப் பாயிண்டில் ஓர் அக்கா இட்லி வண்டி வைத்திருந்தாள். உள்ளூர்க்காரி, எங்கள் தெருவிலேயேதான் வீடு. அவர்கள் வீட்டு நிலம் சாலைக்குப் போயிருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததோ என்னவோ, கேலிதான் அதிகம். என்னைப் பார்த்தால், "எங்க நெலத்து மேல நின்னுகினுதான் நீ டெய்லி பஸ் ஏறிகினு கீற, வாடகை குடுத்துட்டுப் போ" என்பாள். பிள்ளைக்கு ஓர் இட்லியைப் பிய்த்து ஊதிக் கொடுப்பாள். என் மகள் முதலில் சாப்பிடப் பழகியது அந்த வண்டியின் நிழலில்தான்.

பிறகு சாலையை மறுபடி அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆறு வழி, மேம்பாலம், சர்வீஸ் ரோடு, நடைமேம்பாலம். பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். அதில் இருந்த படத்தில் சாலை ஓரமெல்லாம் மரம், நடைபாதையில் ஒரு குடும்பம் கைகோத்து நடந்துபோயிற்று. அப்பா, அம்மா, பிள்ளை, மூன்று பேரும் ஒரே நேரத்தில். எந்த ஷிப்டில் இருக்கிறார்களோ என்று நான் இவரிடம் கேட்டேன். அவருக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

வேலை ஆரம்பித்ததும் வண்டிகள் கண்டபடி திரும்பின. அந்த இடைவெளியில் ஒரு நாள் ஒரு பையனுடைய பைக்கை வேன் இடித்து, பையனுக்குக் கால் போனது. எங்களுக்கெல்லாம் ஆத்திரம். மறுநாள் காலை ஊர்க்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து சாலையில் உட்கார்ந்துவிட்டோம். நானும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிக்னல் வை, இல்லாவிட்டால் ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடு. வந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கட்டாயம் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்களும் ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து வேலைக்குப் போனோம்.

சொன்னபடியே நடவடிக்கை எடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் இடைவெளியை சிமென்ட் தடுப்பு போட்டு அடைத்துவிட்டார்கள். கடக்க வழி இருந்தால்தானே விபத்து நடக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது எங்கள் போராட்டம். அடுத்த திறப்பு ஏரிக்கரை யூ டர்னில். அங்கே இவருடைய பஸ்ஸும் நிற்காது, என் பஸ்ஸும் நிற்காது. இறங்கிய இடத்திலிருந்து அதுவரை நடந்து, சாலையைக் கடந்து, இந்தப் பக்கமாகத் திரும்பி வருவதற்குள் என் பஸ் ஒரகடமே போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலம் அவருடைய பஸ் பிந்தி வருவதால் நான் சுற்றி நடந்து வந்தாலும் சமாளித்துவிடலாம், காலையில்தான் சிக்கல்.

நீங்கள் அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போக வேண்டியதுதானே என்று என் சூப்பர்வைசர் யோசனை சொன்னார். அவருக்கு விளக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் குடிபோனால் என் பஸ் இந்தப் பக்கம் ஆகிவிடும். ஒரே திசையில் வேலை பார்க்கும் இரண்டு பேர், ஒருவர் போகும்போது ஒருவர் வந்தால், எந்தப் பக்கம் குடியிருந்தாலும் ஒருவர் எதிர்ப்பக்கம்தான். அவர் தலையாட்டிவிட்டு, சரி, லேட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதலில் கொஞ்ச நாள் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தோம். அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து தடுப்புச் சுவரை ஒட்டி நிற்பார். நான் இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையோடு ஓடுவேன். சுவருக்கு மேலாகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பேன், பையைக் கொடுப்பேன், பால் குடிச்சா என்று ஆரம்பிப்பேன். லாரி இரைச்சலில் ஒன்றும் கேட்காது. எங்கள் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஏறியதும் திட்டுவார். மார்கழியில் ஒரு நாள் நல்ல பனி. சாலையில் பாதி தூரம் போன பிறகுதான் கண்டெய்னர் லாரி ஒன்று வருவது தெரிந்தது. நான் எப்படிச் சுவர் பக்கம் போய் விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. என் செருப்பு நசுங்கிக் கிடந்தது. பிள்ளை அழவில்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

டிரைவர் அன்றைக்குத் திட்டவில்லை. பஸ்ஸை நகர்த்தாமல் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னாம்மா, நானும் புள்ள குட்டிக்காரன். இன்னொரு தபா இத என் கண்ணால பாக்க வெக்காத."

அதோடு நிறுத்திவிட்டோம். நாங்கள் நிறுத்தாவிட்டாலும் நின்றிருக்கும். கொஞ்ச நாளில் சுவருக்கு மேலே இரும்பு வலை அடித்துவிட்டார்கள்.

அப்போதுதான் இட்லி வண்டி அக்கா, பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ, உன் வீட்டுக்காரர் நடந்து வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். நான் தயங்கியதைப் பார்த்து, "நான் இன்னா புள்ளைய வித்துடுவனா? உன் புள்ளைய எவன் வாங்குவான், ஓயாம பேசுது" என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. அன்றிலிருந்து பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்திருப்பாள். ரிப்போர்ட்டை நான் அக்காவிடம் சொல்வேன். அக்கா அதை அவரிடம் சொல்ல வேண்டும். நான் இருமல், டானிக், காலையில் சாப்பிடவில்லை என்று அத்தனை சொன்னாலும், அக்கா வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது எப்போதும் ஒன்றுதான், புள்ள நல்லா கீது. பஸ்ஸிலிருந்து போன் போட்டால் அவர் லாரிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பார். என்ன, என்ன என்பார். ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன்.

இதற்கு நடுவில் நடைமேம்பாலம் வந்தது. அதாவது பாதி வந்தது. எதிர்ப்பக்கம் படிக்கட்டு கட்டி முடித்தார்கள், மேலே தளத்துக்குக் கொஞ்சம் இரும்பு போட்டார்கள். எங்கள் பக்கம் படிக்கட்டு இறங்க வேண்டிய இடம் யாருடையது என்று வழக்காம். அப்படியே நின்றுவிட்டது. ஏறலாம், போவதற்கு இடமில்லை. கீழே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆனால் அதை விலக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். துணி காயப்போட்டவர்களும் உண்டு. இவர் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதில் ஏறுவார். ராத்திரி முழுக்க நின்ற காலோடு, அத்தனை படியும் ஏறி, கைப்பிடி முடிகிற இடத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். வலைக்கு மேலே அவர் தெரிவார். நான் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். அப்பா மேல, அப்பா மேல என்று அவள் குதிப்பாள். பிறகு அவர் இறங்கி, யூ டர்னைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார். எதற்கு வீணாக ஏறி இறங்குகிறீர்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நான் வந்துவிட்டேன் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா என்றார்.

பிறகு சர்வீஸ் ரோட்டுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் தோண்ட வந்தார்கள். பொக்லைன் வந்து நின்ற அன்றைக்கு அக்கா சண்டை போடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஊருக்குள் ஒரு சந்தில் நிறுத்தினாள். அங்கே யார் வந்து இட்லி வாங்குவார்கள்? கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, நானும் கம்பெனிக்கே ஹவுஸ் கீப்பிங் போகப் போகிறேன் என்றாள். அவளுக்கும் எங்கள் பாயிண்டிலேயே ஒரு பஸ் வந்தது. எங்கள் தெருவில் இன்னொரு பூட்டு கூடியது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தாலே எனக்கு இன்னமும் மூச்சு வாங்குகிறது. விடியும் முன்பே பிள்ளையை எழுப்பி, அரைத் தூக்கத்தில் தோளில் போட்டுக்கொண்டு, கால்வாய்ப் பள்ளத்தின் ஓரமாகவே யூ டர்ன் வரை நடப்பேன். அவர் அந்தப் பக்கம் இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார். அங்கே கைமாற்றிவிட்டு நான் பாயிண்டுக்குத் திரும்பி ஓடி வரவேண்டும். அவருடைய பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் என் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மேம்பால வேலைக்காக எங்காவது வண்டியை நிறுத்திவிட்டால் பிடிக்க முடியாது. தவறவிட்டால் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய் கேட்டில் நிற்க வேண்டும். லைனில் ஓர் இடம் காலியாக இருந்தால் எல்லாருக்கும் வேலை நிற்கும். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு தடவை லேட்டானால் என் கையில் ஒன்றும் இல்லை அம்மா என்றார். நான் கான்ட்ராக்ட் ஆள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லைதான்.

இவரும் பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தார். நீதானே நைட் கேட்டாய் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து என் மாமியார் போனில், பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் போனை இவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். அப்படியென்றால் வேலையை விட வேண்டும். யார் விடுவது என்று நாங்கள் பேசவே இல்லை, பேச வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பெண்பிள்ளைதான் விடுவாள், உலகத்தில் அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. ஒரு சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரிடம், திங்கட்கிழமையிலிருந்து எனக்காக நிற்க வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இவரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். அந்தச் சனிக்கிழமை ராத்திரி இவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நன்றாக அழுதேன். பால் காய்ச்சிக் குடிப்போம் என்று டம்ளரில் ஊற்றி வைத்தேன், அதையும் குடிக்கவில்லை. அழுது முடித்ததும் முகம் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் வந்து குளித்தார். தூங்கவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளை பிறந்து ஒரு தடவைகூட மூன்று பேருமாக அங்கே போனதில்லை. அவளுக்குப் புதுக் கவுன் போட்டேன், நான் பட்டுப்புடவை கட்டினேன். அவர் வேட்டி கட்டியதைப் பார்த்துப் பிள்ளை யாரோ என்று விலகி நின்றாள், அப்புறம் மணத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு பாயிண்டுக்கு வந்தோம். பலகையில் இருந்த படம் மாதிரியே நடக்கிறோம் என்று நினைத்தேன். டவுன் பஸ் எங்கள் பக்கம்தான் வரும். அன்றைக்குப் போகும்போது யாரும் சாலையைக் கடக்க வேண்டாம்.

பாயிண்டில் பள்ளத்துக்கு மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி நின்றதும், பிள்ளை என் கையை விட்டாள். நான் பிடிக்கப் போனேன், கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர் பக்கம் போய், அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி, நான் சொல்லும் அதே ராகத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்:

"அம்மா பாலு குடிக்கல. ராத்திரி அழுதா. ரொம்ப அழுதா. டாட்டா."

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள். கையை ஆட்டினாள். அழவோ சிணுங்கவோ இல்லை. பாயிண்ட் வந்துவிட்டது, அம்மா போகவேண்டும், போகிறவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பிள்ளை மேல் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு இதுதானா என்று நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ எழுந்து இடம் கொடுக்க, அவர் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும்போது கையைத் தூக்கித் தயாராக வைத்துக்கொள்வாள். நான் இறங்கவில்லை என்றதும் கையை மடியில் போட்டுக்கொள்வாள். எதிரே இருந்த அம்மா, பிள்ளை நல்ல விளையாட்டுக்காரி என்றார். ஆமாம் என்றேன்.

அவர் தலை நிமிராமலேயே என்ன விஷயம் என்று கேட்டார். டிரைவரிடம் சொன்னதைச் சொன்னேன். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், அவர் உட்கார்ந்தால் தூங்குகிற ஆள்தான். பிறகு சொன்னார்:

"ஏளா, வேலையவிட்டு நிக்கணும்னா நான் நின்னுக்கிடுதேன். எனக்கு ஒறக்கமாவது கிடைக்கும்."

ஆம்பளை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று நான் ஆரம்பித்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "ரிப்போர்ட் வந்தாச்சு. இனிமே அதைப் பெண்டிங்ல வைக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு பிள்ளையின் தலையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் பாயிண்டுக்குப் போனபோது டிரைவர் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார். சொன்னதை மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா தெரியாது, நானும் கேட்கவில்லை. இவர் மாதக் கடைசியோடு நைட் ஷிப்டை விட்டார். இப்போது எங்கள் பக்கத்திலேயே ஒரு குடோனில் பகல் வேலை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். சம்பளம் குறைவு. ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பேசினார்கள், பேசி ஓய்ந்தார்கள். அந்த நடைமேம்பாலம் இன்னும் பாதியிலேயே நிற்கிறது. சாலையில் வண்டிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றன. வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நானும் தூங்கிவிடுகிறேன், யாராவது தட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல தரிசனம். என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை, கண்ணை மூடி நின்றதே சுகமாக இருந்தது. வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்து தேங்காயை உடைத்து மூன்று பேரும் தின்றோம். பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தாள். ஒரு தடவை என் முகத்தையும் ஒரு தடவை அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முந்தானையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் காதோடு வாயை வைத்து, எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள்:

"அப்பா, அம்மா பஸ்ஸு இன்னைக்கு வராதா?"

வராது என்றார் அவர். அவள் நம்பவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.